மூன்று பிடி ஹைட்ரியா

அன்புள்ள சுந்தரம்,

கடிதம் கிடைத்தது. பேத்தியைப் பள்ளியில் சேர்த்துவிட்டாய் என்பதும், கலைச்சொல் தொகுப்பு 'ஹ' வரிசைக்கு வந்துவிட்டது என்பதும் மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

பழங்கிரேக்கப் பானையான ஹைட்ரியாவுக்குத் 'தண்ணீர்க்குடம்' என்று மட்டும் போட்டால் போதுமா என்று கேட்டிருந்தாய். போதாது. பெயர் தண்ணீருக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆனால் தோண்டியெடுத்த பானைகளுக்கு நடுவே அதை அடையாளம் காட்டுவது மூன்று கைப்பிடிகள். வயிற்றின் இரு பக்கமும் படுக்கைவாட்டில் இரண்டு, குடத்தைத் தூக்க. பின்பக்கம் செங்குத்தாக ஒன்று, சாய்த்து ஊற்றவும் வெறுங்குடத்தைப் பிடித்துப் போகவும். கி.மு. 520–500 வாக்கில் ஏதென்ஸில் செய்த, கறுப்பு உருவங்கள் தீட்டிய கருவுருவக் குடங்களில் ஊற்று மண்டபத்துக்கு வந்த பெண்களைப் பார். தலையில் சும்மாடு இருக்கும். வெறுங்குடம் அதன்மேல் படுத்துக் கிடக்கும், நிறைகுடம் நிமிர்ந்து நிற்கும். யார் வருகிறார்கள், யார் திரும்புகிறார்கள் என்பதை இதை வைத்தே சொல்லிவிடலாம்.

பழைய வடிவத்தில் தோள் மடிந்து தட்டையாக இருக்கும், கழுத்து தனியே தெரியும். கி.மு. ஆறாம் நூற்றாண்டின் கடைசியில் கழுத்தும் தோளும் வயிறும் ஒரே வளைவாக ஓடும் வகை வந்தது. அதைக் கால்பிஸ் என்பார்கள். இரண்டையும் ஒரே பதிவில் சேர்த்துவிடாதே.

உடைந்த கலங்களில்தான் குழப்பம். கால்பிஸின் பின்பிடி போய்விட்டால் அதை ஸ்டாம்னோஸ் என்ற வேறொரு கிரேக்கச் சாடி என்று எழுதிவிடுவார்கள், அதற்கும் படுக்கைப் பிடி இரண்டு. பின்புறம் வாய்க்குக் கீழேயும் தோளிலும் பிடி ஒட்டியிருந்த தழும்பு இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். பிடி தானாகவே பெயர்வதற்கும் ஒரு காரணம் உண்டு. உடலை வனைந்து பாதி காயவிட்டுப் பிறகுதான் பிடியை ஒட்டுவார்கள். பிடியின் மண் அதிக ஈரமாக இருந்தால் அது கூடுதலாகச் சுருங்கி, சேரும் இடத்தில் கீறல் விடும்.

பயன்கள் தண்ணீரோடு நிற்கவில்லை. ஏதென்ஸ் நீதிமன்ற வாசலில் வைத்த ஹைட்ரியாவுக்குள் எழுத்துப் பொறித்த குண்டுகள் கிடக்கும். நடுவர் கைவிட்டு ஒன்றை எடுப்பார், எந்த மன்றத்தில் உட்கார வேண்டும் என்பதை அந்த எழுத்துதான் சொல்லும். முன்கூட்டியே தெரியாததால் கையூட்டுக்கு வழியில்லை. கிரேக்க நகரமான ஆர்கோஸில் ஹேரா தேவிக்கு நடந்த போட்டிகளில் வெண்கல ஹைட்ரியா பரிசு. அப்படி ஒன்று, வாய் விளிம்பில் எழுத்தோடு, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எகிப்தில் அலெக்சாந்திரியாவின் ஹத்ரா இடுகாட்டில் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் இறந்தவரின் சாம்பலை இட்டதும் இதில்தான். சிலவற்றில் பெயரும் நாளும்கூட மையால் எழுதியிருக்கும்.

விவிலியத்தையும் விட்டுவிடாதே. கானாவூர்க் கல்யாணத்தின் கற்சாடியும், சமாரியப் பெண் கிணற்றடியில் விட்டுப்போன குடமும், சாறிபாத் விதவையின் மாவுப் பானையும் கிரேக்க மொழி விவிலியத்தில் ஹைட்ரியாதான். கானாவில் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மெத்ரேத்தஸ் கொள்ளும். ஒரு மெத்ரேத்தஸ் ஏறக்குறைய 39 லிட்டர், ஆக 80 முதல் 120 லிட்டர் வரை. தலையில் சுமக்கிற சாமான் இல்லை அது. ஆகவே முதல் பொருளாக 'மூன்று பிடித் தண்ணீர்க்குடம்' என்று போடு. குலுக்கல் கலம், சாம்பல் தாழி, பெருஞ்சாடி எல்லாம் தனித்தனி எண்ணோடு பின்னால் வரட்டும்.

படம் சேர்ப்பதானால் சற்றே பக்கவாட்டிலிருந்து வரையச் சொல். நேர் எதிரே நின்று வரைந்தால் பின்பிடி மறைந்துபோகும்.

அன்புடன்,
ராகவன்