வக்கீலுக்கும் நிபுணருக்கும் பணம் கொடுங்கள்: அமெரிக்க காங்கிரஸின் நிதி ஒதுக்கீட்டுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மேன்மைக்குரிய உறுப்பினர்களே,

வணக்கம். ஏழைகளுக்காக ஃபெடரல் நீதிமன்றம் நியமிக்கும் வக்கீல் ஒருவரின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்களுக்கு வரும் வழக்குகளில் துப்பாக்கி வழக்குகள் நிறைய. 2025 ஜூலை 3 அன்று நியமன வக்கீல்களுக்கான நிதி தீர்ந்துபோனது உங்களுக்குத் தெரியும். ஒதுக்கியது நீங்கள்தான், போதாது என்று நீதித்துறை எச்சரித்ததும் உங்களிடம்தான். புதிய நிதியாண்டு தொடங்கும் அக்டோபர் 1 வரை பொறுங்கள் என்றார்கள், பொறுத்தோம். அன்றைக்கு அரசாங்கமே முடங்கியது. மறுபடி திறக்க நவம்பர் 12 ஆனது.

அந்தக் கோடையில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். யார் என்று தெரிந்துவிடாதபடி சொல்கிறேன்.

உறவினரின் கார். உள்ளே மூன்று பேர். போலீஸ் நிறுத்திச் சோதித்தபோது முன் சீட்டுக்கு அடியில் ஒரு கைத்துப்பாக்கியும், கதவுப் பையில் கொஞ்சம் போதைப்பொருளும் கிடைத்தன. முன் சீட்டில் இருந்தவருக்குப் பல வருஷம் முந்தைய தண்டனை ஒன்று உண்டு. ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றத்தில் ஒருமுறை தண்டனை பெற்றவர் துப்பாக்கியோ ஒரு தோட்டாவோகூட வைத்திருக்கக் கூடாது என்கிறது ஃபெடரல் துப்பாக்கிச் சட்டத்தின் 922(ஜி) பிரிவு. கையில் பிடித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அங்கே இருப்பது தெரிந்திருந்து, அதைத் தன் வசத்தில் வைத்துக்கொள்ளும் சக்தியும் எண்ணமும் இருந்தால் போதும். முன்பு 10 ஆண்டாக இருந்த அதிகபட்சத் தண்டனையை 2022இல் 15 ஆக்கினீர்கள்.

ஆக, வழக்கு முழுக்க ஒரே கேள்விதான்: அந்தத் துப்பாக்கி யாருடையது? கைப்பிடியில் எடுத்த டிஎன்ஏ மாதிரியில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் டிஎன்ஏ கலந்திருப்பதாகவும், எங்கள் கட்சிக்காரருடையது அதில் இருக்க வாய்ப்பு அதிகம் என்றும் ஆய்வக அறிக்கை சொன்னது. இப்படிக் கலந்து கிடக்கும் மாதிரியில் ஒரு ஆய்வகம் எடுக்கும் முடிவை இன்னொரு நிபுணர் மூலத் தரவோடு வைத்துப் பார்த்தால் ஓட்டைகள் தெரியலாம். துப்பாக்கியைத் தொடாமலே ஒருவரின் டிஎன்ஏ அதன்மேல் வந்து சேரவும் வழி உண்டு. இதையெல்லாம் ஜூரிக்கு விளங்கும்படி சொல்ல ஆள் வேண்டும்.

ஆள் கிடைத்தார். நீதிபதி அனுமதி தந்து உத்தரவில் கையெழுத்தும் போட்டார். அந்த உத்தரவு எங்கள் ஃபைலில் இன்னும் இருக்கிறது. பணம் மட்டும் இல்லை. "போன வழக்குக்கு அனுப்பிய பில்லே இன்னும் நிற்கிறது, மன்னியுங்கள்" என்றார் நிபுணர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கும் வீட்டு வாடகை இருக்கிறது.

வேறு ஆளைத் தேட வாய்தா கேட்டோம். 70 நாளில் விசாரணை தொடங்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, ஆனால் நம் தரப்பு வாய்தா கேட்டால் அந்தக் கடிகாரம் நின்றுவிடும். உங்கள் கஜானா காலியானதற்கு, ஜாமீன் கிடைக்காத ஒரு விசாரணைக் கைதி தன் கணக்கில் நாட்களைக் கழித்தார். கவுண்டி சிறைக்குப் போனபோதெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்த டிஎன்ஏ ஆள் என்ன சொன்னார்?"

அப்புறம் அரசுத் தரப்பிலிருந்து கெடு வந்தது. குறிப்பிட்ட தேதிக்குள் குற்றத்தை ஒப்புக்கொண்டால் 922(ஜி) மட்டும். இல்லையென்றால் 924(சி)யும் சேரும். அதாவது, போதைப்பொருள் விற்பனைக்குத் துணையாகத் துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டு. அதற்குக் குறைந்தது 5 ஆண்டு, மற்ற தண்டனை முடிந்த பிறகு தனியாக. நீதிபதியே இரக்கப்பட்டாலும் குறைக்க முடியாது. டிஎன்ஏவைப் படித்துச் சொல்ல ஆளில்லாமல் இந்த ஆபத்தில் இறங்குங்கள் என்று எந்த வக்கீல் சொல்வார்? எங்கள் கட்சிக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஒப்புதல் வாக்குமூலத்தின்போது நீதிபதி வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டார்: "உங்கள் வக்கீலின் சேவையில் திருப்தியா?" ஆம் என்றார் அவர். என் முதலாளி தலை நிமிரவில்லை.

அவர் குற்றவாளியா, நிரபராதியா? எனக்குத் தெரியாது. சோதிக்க வேண்டியதைச் சோதிக்காமலே வழக்கு முடிந்துபோனது, அதுதான் என் புகார். அதே ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் அரசுத் தரப்பு வக்கீல்களுக்குச் சம்பளம் வந்தது. அது சரிதான், அவர்களும் உழைக்கிறவர்கள். ஆனால் ஒரே கோர்ட்டில் ஒரு மேஜைக்கு மட்டும் பணம் போய், எதிர் மேஜைக்குப் போகவில்லை என்றால் அங்கே நடப்பதை விசாரணை என்று எப்படிச் சொல்வது?

தயவுசெய்து நியமன வக்கீல்களுக்கும் நிபுணர்களுக்கும் உரிய பணத்தை உரிய நேரத்தில் கொடுங்கள்.

துப்பாக்கிச் சட்டம் மேலோட்டமாகப் பார்த்து வாதாடக்கூடிய சட்டமும் இல்லை. தடை உள்ள பிரிவில் (உதாரணமாக, முன்பு அப்படித் தண்டனை பெற்றவர்) தான் இருப்பது குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தெரிந்திருந்தது என்றும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019இல் உச்ச நீதிமன்றத்தின் ரெஹாய்ஃப் தீர்ப்பு வந்தது. துப்பாக்கித் தடைகள் நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்துப்போக வேண்டும் என்றது 2022இல் புரூயன் தீர்ப்பு. குடும்ப வன்முறைத் தடையாணை உள்ளவருக்கான துப்பாக்கித் தடை செல்லும் என்றது 2024இல் ரஹிமி தீர்ப்பு. உணவு மானியத்துக்காகப் பொய் சொல்லி 1995இல் தண்டனை பெற்ற பென்சில்வேனியாக்காரர் ரேஞ்ச் என்பவருக்கு இந்தத் தடை செல்லாது என்றது மூன்றாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம். வேறு சர்க்யூட்டுகள் அதே தடையைச் செல்லும் என்கின்றன. முன் தண்டனைகள் வெவ்வேறு சம்பவங்களா என்பதை ஜூரிதான் முடிவுசெய்ய வேண்டும் என்று 2024இல் எர்லிங்கர் தீர்ப்பு சொன்னது. அதைப் பொறுத்து 15 ஆண்டு கட்டாயச் சிறை விழலாம், விழாமலும் போகலாம். இதையெல்லாம் படித்து மனு எழுத வேண்டிய வக்கீல், வாடகைக்கு எங்கே கடன் வாங்குவது என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உங்களில் சிலர் துப்பாக்கி உரிமையை உயிராக மதிப்பவர்கள். சிலர் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காகப் பாடுபடுபவர்கள். முதலாமவரே, அந்த உரிமை கோர்ட்டில் நிற்க வக்கீல் வேண்டாமா? இரண்டாமவரே, நீங்கள் கடுமையாக்கிய சட்டத்தில் தவறான ஆள் மாட்டிக்கொண்டால் உங்களுக்குப் பரவாயில்லையா?

இதைத் தமிழில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. எச்1பி, மாணவர் விசாக்களில் இங்கே வந்திருக்கும் நம் பிள்ளைகள் பலருக்கு, சில விலக்குகள் தவிர, அதே 922(ஜி) தங்களையும் தடுக்கிறது என்று தெரியாது. நண்பர்களோடு ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய்ச் சுடுவதுகூடக் குற்றமாகலாம். வேட்டை லைசென்ஸ் இருந்தால் கதை வேறு. நாளைக்கே மாட்டினால் படிக்கிற பிள்ளைக்கும் கோர்ட் தரும் வக்கீல்தான் கதி.

ஃபெடரல் குற்ற வழக்கில் சிக்குகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் இப்படி நியமிக்கப்படும் வக்கீலைத்தான் நம்பியிருக்கிறார்கள். அவர்களில் சுமார் 40 சதவீதத்தினருக்கு எங்களைப் போன்ற தனியார் அலுவலகங்கள். 2025இல் மணிக்கு 175 டாலர், அதில்தான் வாடகை, என் சம்பளம் எல்லாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு அரசே வக்கீல் தர வேண்டும் என்ற கிடியன் தீர்ப்பு 1963இல் வந்தது, மறுவருஷமே இதற்குச் சட்டம் இயற்றியது உங்கள் சபைதான். 2013இலும் நிதி வெட்டு வந்தபோது 125 டாலரை 110 ஆக்கினார்கள். ஒவ்வொரு முறையும் முதலில் கைவைப்பது இங்கேதானா?

கோபத்தில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இவ்வளவுதான். வருஷம் முழுவதற்கும் போதுமான தொகையை முன்கூட்டியே ஒதுக்குங்கள். போன வருஷப் பாக்கியை இந்த வருஷப் பணத்தில் கழித்தால் அடுத்த பற்றாக்குறை இன்னும் சீக்கிரம் வரும், எனவே பாக்கிக்குத் தனியாகப் பணம் கொடுங்கள். நீதிபதி கையெழுத்திட்ட நிபுணர் உத்தரவு எதுவும் பணமில்லாமல் நிற்கக் கூடாது என்பதை அந்த மசோதாவிலேயே எழுதிவையுங்கள். பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நியமன வக்கீல் அலுவலக ஊழியர் ஒருவர்