நான் போட்ட முதலீடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன வாரம் வந்த வார்டு அரசியல் கட்டுரையைப் படித்தேன். 'சிறு கடைக்காரர்களுக்குக் கட்சிப் பதவி என்பது ஒரு முதலீடு' என்று அதில் ஒரு வரி. அதைச் சத்தமாக வாசித்துவிட்டு என் மனைவி சிரித்த சிரிப்பை உங்கள் கட்டுரையாளர் கேட்டிருக்க வேண்டும்.

அவனியாபுரத்தில் வாடகை ஸ்டோர் வைத்திருக்கிறேன். சாமியானா, சேர், அண்டா, ஜமுக்காளம். கட்சியில் 19 வருஷம். எந்தக் கட்சி என்று சொன்னால் மீதிக் கடிதத்தை வேறு மாதிரி படிப்பீர்கள், வேண்டாம்.

முதலீட்டுக் கணக்கைக் கேளுங்கள். ஒரு சேருக்கு நாள் வாடகை 10 ரூபாய். கல்யாண வீட்டில் பேரம் பேசியாவது கொடுத்துவிடுவார்கள். கேத வீட்டில் நான் கேட்பதில்லை, காரியம் முடிந்ததும் அவர்களே கொண்டுவந்து தருவார்கள். தெருமுனைக் கூட்டத்துக்கு மட்டும் 'நம்ம கட்சிதானேண்ணே!' நூறு சேர் போனால் தொண்ணூற்றுச் சொச்சம் திரும்பும். இரண்டு மூன்றுக்குக் கால் விரிந்திருக்கும், ஒன்றில் கொடி கட்ட ஏறியவரின் செருப்புத் தடம் இருக்கும். மைக் செட்டுக்காரருக்கு மட்டும் அன்றைக்கே காசு. அவர் எந்தக் கட்சியிலும் இல்லை.

எழுதியவர் ஊருக்குப் புதியவரோ என்னவோ. 2011இல் எங்கள் நகராட்சியை மதுரையோடு சேர்த்தார்கள், 72 வார்டு 100 ஆனது. அதற்கு முன்பு சேர்மனை டீக்கடையிலேயே பிடித்துக் குறை சொல்லலாம். அப்புறம் 2016 அக்டோபரில் மாமன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19இல்தான் நடந்தது. நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலர் என்று ஒருவர் கிடையாது, தனி அலுவலர்தான். உங்களுக்குத் தெரியாததா? அந்த நாட்களில் தெருவிளக்கு எரியாவிட்டாலும் ஜனங்கள் என் கடைக்குத்தான் வந்தார்கள். குழாயில் சாக்கடை கலந்து வருகிறது என்று ஒரு அத்தை செம்பு நிறையப் பிடித்துக்கொண்டு வந்து என் கல்லா மேஜை மேல் வைத்தார். கல்யாணத்துக்குப் பாத்திரம் பேச வந்திருந்த பார்ட்டி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டது. முன்பணம் எடுத்து வைத்திருந்தார்கள், கண்ணால் பார்த்தேன்.

2020இல் கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்றார்கள். ஐம்பது பேருக்கு வீட்டுத் திண்ணையும் பக்கத்து வீட்டுத் திண்ணையும் போதாதா? என் சேரெல்லாம் அடுக்கிய இடத்திலேயே தூசி படிந்து கிடந்தன. அப்போதும் கபசுரக் குடிநீர் காய்ச்ச அண்டா கேட்டு வந்தார்கள். அதற்குக் கணக்குப் பார்க்கிறவன் இல்லை நான். ஆனால் அடிப்பிடித்துத் திரும்பிய அண்டாவைத் தேய்க்க இரண்டு நாள் ஆனது. 2022 ஏப்ரலில் வணிகக் கட்டடங்களுக்குச் சொத்து வரி இரட்டிப்பானது. கட்டட உரிமையாளர் அதை என் வாடகையில் ஏற்றினார். நான் ஏற்ற முடிந்ததா? சேருக்கு இன்னும் அதே 10 ரூபாய்தான்.

சீட்டும் கேட்டுப் பார்த்தேன். பாதி வார்டுகள் பெண்களுக்கு, எங்கள் வார்டும் அதில் போய்விட்டது என்றார்கள். சரி, என் மனைவி நிற்கட்டும் என்றேன். சீட் வேறொருவர் மனைவிக்குப் போனது. அந்த அம்மா கட்சிக்கு வந்து ஒரு வருஷம்தான். ஆனால் அவர் வீட்டுக்காரர் சேர் வாடகைக்கு விடுகிறவர் இல்லை, கல்யாண மண்டபம் வைத்திருப்பவர். முதலீடு என்று எழுத உங்களுக்கு ஆள் கிடைக்கவில்லையா?

மறுப்போ வருத்தமோ நீங்கள் போட வேண்டாம், அதில் எனக்கு ஆவதொன்றும் இல்லை. வேறொரு சின்ன உதவி. அந்தக் கட்டுரையோடு ஒரு கூட்டத்தின் படம் போட்டிருக்கிறீர்கள். கடைசி வரிசையில் ஆள் இல்லாமல் முதுகைக் காட்டிக்கொண்டு சிவப்புச் சேர்கள். முதுகில் மஞ்சள் பெயிண்டில் மூன்று எழுத்து. பேத்தியின் பூதக்கண்ணாடியை வாங்கி வைத்துப் பார்த்தேன், என் கையெழுத்துதான். எட்டு சேர் எண்ண முடிகிறது. என் நோட்டில் இருபத்திரண்டு வர வேண்டியிருக்கிறது. படம் எந்தத் தெருவில் எடுத்தது என்று உங்கள் போட்டோகிராபரிடம் கேட்டு ஒரு கார்டு போட்டால் போதும். குட்டியானையை எடுத்துக்கொண்டு போய் நானே ஏற்றிக்கொள்வேன்.

இப்படிக்கு,
வாடகை ஸ்டோர்காரன்,
அவனியாபுரம், மதுரை.