இலைகள் பச்சை, சார்

அன்புள்ள சார்,

நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்தத் துணி அருங்காட்சியகக் கூடத்திலிருந்து இறங்குகிறது. நீங்கள் ஓய்வு பெற்ற அதே தேதியில் இது நடக்க வேண்டுமென்று நான் காத்திருக்கவில்லை. அப்படித்தான் பேசுவார்கள் என்று தெரியும்.

எந்தத் துணி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். நம்மோடு வேலை செய்தவர்களும் இதைப் படிப்பார்கள், அதனால் மற்றவர்களுக்கும் சொல்லப்போவதில்லை.

சட்டத்தைக் கழற்றிய அந்த மதியம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. சட்டத்தின் விளிம்புக்கு அடியில் ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சமே படாத இடம். அதில் பாதி இலை. நல்ல பச்சை. விளிம்பைத் தாண்டியதும் அதே இலை நீலம். அடியிலிருந்த அவுரி நீலம் நின்றிருந்தது, அதன்மேல் ஏற்றிய மஞ்சள் போயிருந்தது. 'நீல இலைகள் கலைஞரின் கற்பனை' என்று விளக்கக் குறிப்பு எழுதியவர் நீங்கள். வெகுநேரம் குனிந்து பார்த்தீர்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். "சட்டத்தை மாட்டும்மா" என்றீர்கள்.

குழுக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் அதை நான் போட்டு உடைத்தது தப்பு. மன்னியுங்கள். உங்கள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இரண்டு முறை வந்தேனே சார்? இரண்டு முறையும் "கண்காட்சி முடியட்டும்" என்றுதானே அனுப்பினீர்கள்? துணிமேல் விழும் வெளிச்சம் 50 லக்ஸ் தாண்டக் கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தான். அந்தச் சுவரில் மீட்டர் 200 காட்டியது. அங்கே ஒரு வருடம் தொங்கினால் 50 லக்ஸில் நான்கு வருடம் தொங்கியதற்குச் சமம். போன சாயம் எந்த இருட்டிலும் திரும்பாது.

இப்போது உங்கள் நாற்காலியில் இருக்கிறேன். வெளிச்சத்தைக் குறைத்தால் ஒன்றும் தெரியவில்லை என்று புகார். கூட்டம் வருவதே அந்த ஒன்றுக்காக என்று மேலேயிருந்து அழுத்தம். போன மாதம் ஓர் ஓவியத்தை நானும் கெடு தாண்டி மூன்று வாரம் தொங்கவிட்டேன். அன்றிரவு உங்களை நினைத்துக்கொண்டேன்.

இருந்தாலும், அந்தக் குழுக் கூட்டத்துக்குப் பிறகு நான்கு வருடம் துணி அறைச் சாவியை என் கையில் தரவில்லையே. அதை என்னால் மறக்க முடியவில்லை.

பதிவேட்டில் 'இலைகள் முதலில் பச்சை, மஞ்சள் சாயம் வெளிச்சத்தில் மங்கியது' என்று சேர்த்திருக்கிறேன். யார் காலத்தில் என்று எழுதவில்லை. உங்கள் கையெழுத்திலுள்ள பழைய குறிப்பும் கோப்பிலேயே இருக்கிறது.

நாளை காலை பத்து மணிக்கு உருளையில் சுற்றுகிறோம். அமிலமில்லாத தாள் இடையில், சாயப் பக்கம் வெளியே, நீங்கள் பழக்கியபடியே. அந்தப் பச்சை விளிம்பு கடைசியாகத்தான் உள்ளே போகும். வாசலில் உங்கள் பெயரைச் சொல்லிவைத்திருக்கிறேன்.