குளிரில் எத்தனை வாரம்?

பாம்பெர்க், ஜெர்மனி

அன்புள்ள பெரியப்பா அவர்களுக்கு,

நான் நலம். தாங்களும் பெரியம்மாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். சென்ற வாரம் தொலைபேசியில், "காலையில் இறக்கும் கள் மாலைக்குள் பொங்கித் தீர்ந்துவிடுகிறது, நீ காய்ச்சும் பீரை மட்டும் ஒன்றரை மாதம் குளிரில் போட்டு வைப்பானேன்?" என்று கேட்டீர்கள். வேலை இடத்தில் நின்றபடி அதற்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

கொழிஞ்சாம்பாறைத் தோப்பில் தாங்கள் பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டும்போதே, அதில் ஒட்டியிருக்கும் ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். சுண்ணாம்பு தடவாத கலயமானால் நம் ஊர் வெயிலில் அதை யாராலும் நிறுத்த முடியாது. நான் காய்ச்சும் லாகர் என்னும் பீர் வகைக்குப் போடும் ஈஸ்ட் வேறு இனம். பத்து டிகிரிக் குளிரில் நிதானமாக நொதிக்கும். பார்லிச் சாற்றின் இனிப்பை அது தின்று முடிக்கவே இரண்டு வாரம் ஆகிவிடும். அதன் பிறகுதான் ஒரு டிகிரிக்கு இறக்கிக் கிடத்துவது. லாகர் என்ற பெயரே, கிடப்பில் வைப்பதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்ததுதான்.

ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் இவ்வூர்க்காரர்கள் மணற்கல் குன்றுகளைக் குடைந்து நிலவறைகள் அமைத்து, மேலே நிழலுக்காக மரங்களை நட்டு, பீரைக் கோடை முழுவதும் குளிரில் காத்தார்கள். இன்றும் அம்மரங்களின் அடியில் பீர் குடிக்கப் போகிறவர்கள் "நிலவறைக்கு மேலே போகிறோம்" என்றுதான் சொல்கிறார்கள். பவேரியாவிலோ 1553 இல் கோமகனின் ஆணையே ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை காய்ச்சுவதைத் தடுத்துவிட்டது. ஆகவே மார்ச்சில் காய்ச்சியதைத்தான் கோடையில் குடித்தார்கள்.

அந்தக் கிடப்பில் நடப்பது இதுதான்: மிதந்துகொண்டிருக்கும் ஈஸ்ட் அடியில் படிகிறது, குளிரில் திரளும் புரதம் கலங்கலோடு இறங்குகிறது, கந்தக வாடை மெல்ல அகல்கிறது. ஆனால் குளிரால் ஆகாத ஒன்றும் உண்டு. முதல் முறை அவசரப்பட்டு, நொதித்தல் முழுவதும் முடியும் முன்பே குளிரில் வைத்துவிட்டேன். எட்டு வாரம் காத்திருந்து திறந்தபோது, உருக்கிய வெண்ணெயின் வாசனை! இருபது லிட்டரையும் கொட்டினேன். மனம் மிகவும் வருந்தியது. அந்த வாசனையைத் திரும்ப எடுத்துக்கொள்வது ஈஸ்ட்தான். அதற்கு அது விழித்திருக்க வேண்டும். அதனால் இப்போது நொதித்தல் முடியும் தறுவாயில் பதினாறு டிகிரிக்கு ஏற்றி, மூன்று நாள் விட்டு, முகர்ந்து பார்த்த பிறகே குளிருக்கு அனுப்புகிறேன்.

எத்தனை நாள் என்பதற்கு என் கணக்கு இது. நூறு கிராம் சாற்றில் பன்னிரண்டு கிராம் சத்து கரைந்திருக்கும் சாதாரண லாகருக்கு நான்கு முதல் ஆறு வாரம் போதும். பதினாறு கிராமுக்கு மேற்பட்ட பாக் என்னும் கனத்த வகைக்கு இரண்டு மூன்று மாதம். மைனஸ் இரண்டை ஒட்டிப் போனால் பீரே உறையத் தொடங்கும் என்பதால், ஃபிரிட்ஜில் தனியாக ஒரு வெப்பமானி வைத்திருக்கிறேன். இருந்தாலும் நாள்கணக்கைவிட நாவையும் மூக்கையுமே நான் நம்புகிறேன்; கலயத்தை முகர்ந்தே அது காலைக் கள்ளா, நேற்றைய மிச்சமா என்று தாங்கள் சொல்வதைப் பார்த்து வளர்ந்தவன் அல்லவா?

இம்முறை காய்ச்சியதற்கு இன்று குளிரில் இருபத்து மூன்றாம் நாள். ஒரு குவளை ஊற்றி ஜன்னலருகே பிடித்தேன். முதல் வாரம் கஞ்சித் தண்ணீராக இருந்தது, இன்று எதிர்வீட்டு ஓடுகளின் வரிசை அதற்குள்ளேயே தெரிந்தது. எனினும் விழுங்கிய பின் அவித்த முட்டையின் வாடை சற்றே எழுகிறது. இன்னும் இரண்டு வாரம் கிடக்கட்டும்.

இங்கே சொந்தத் தேவைக்கு ஆண்டுக்கு 500 லிட்டர் வரை வரியின்றிக் காய்ச்சலாம், விற்கத்தான் கூடாது. பெரியம்மா கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தம்பி மகன்