தேயிலைப் பெட்டியில் ஓர் உடும்பு

அப்புத்தளை

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். நீ லண்டனில் போஸ்க் என்ற ஆப்பிரிக்க உடும்பின் குட்டி ஒன்றை வாங்கி வளர்ப்பதாகக் கேள்விப்பட்டது முதல் அம்மாவுக்கு என்மீதுதான் கோபம். சின்ன வயதில் நீ உடும்பு கேட்டபோது மறுத்ததன் வினை இது என்கிறாள்.

நம் நாட்டு உடும்பு 1937ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்படும் பிராணி, பிடித்து வளர்த்தால் வழக்கு வரும் என்று சொல்லித்தான் அன்று உன் வாயை அடைத்தேன். அது உண்மை, ஆனால் நான் மறைத்த வேறொரு காரணமும் உண்டு. எனக்குப் பதினான்கு வயதிருக்கும்போது, வெல்லவாயவில் மாமா காடு வெட்டிப் பயிரிட்ட சேனையில் பிடித்த ஒரு குட்டியைத் துணிப்பையில் முடிந்து, பஸ் ஏறி, ஒருவருக்கும் தெரியாமல் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்துக்குக் கொண்டுவந்தேன். உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பழைய தேயிலைப் பெட்டியில் வைக்கோல் பரப்பி, அதில் வைத்து முட்டையும் இறைச்சியும் ஊட்டினேன். மார்கழிக் குளிர். அதன் வயிறு உப்பியபடியே இருந்தது, கண்கள் உள்வாங்கின, மூன்றாவது வாரம் ஒரு காலையில், பெட்டியின் மூலையைப் பற்றியபடி விறைத்துக் கிடந்தது. உடல் சூடேறாவிட்டால் உண்டது செரிக்காது என்பது எனக்கு அன்று தெரியாது.

அதனால்தான் நீ அனுப்பிய படத்தை அத்தனை நேரம் பார்த்தேன். கண்ணாடித் தொட்டி, இரண்டு விரல் உயரத்துக்கு மரத்தூள், மேலே ஒரு விளக்கு, சுவரில் 35 பாகை காட்டும் வெப்பமானி. முப்பது வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக இருந்து, காற்றின் ஈரத்தை அளக்கும் ஈரக் குமிழ், உலர் குமிழ் வெப்பமானிகளைப் பார்த்தே கொழுந்தின் நிலையைக் கணித்தவன் சொல்கிறேன்: உன் தொட்டி, கொழுந்தை உலர்த்தும் எங்கள் தொழிற்சாலை ட்ரையரின் சிறு வடிவம். விளக்கின் கீழே குட்டி படுக்கும் கல்லின் மேற்பரப்பு 50 பாகைக்கு மேல் இருக்க வேண்டும், மறுகோடி 25 பாகையளவில் ஆறியிருக்க வேண்டும். எவ்வளவு சூடு தேவை என்பதை அதுவே நடந்து தீர்மானித்துக்கொள்ளும். மேற்பரப்பின் சூட்டை அளக்கச் சுவர் வெப்பமானி உதவாது. குறிபார்த்து அளக்கும் அகச்சிவப்புக் கருவியை வாங்கு. விளக்குக்குக் கம்பிக்கூடு கட்டாயம்.

சூட்டைவிட ஈரத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை என்று, உன் தங்கை போனில் எடுத்துத் தந்தவற்றை இரண்டு வாரம் வாசித்தபின் எனக்குத் தோன்றுகிறது. ஆப்பிரிக்கப் புல்வெளியில் அது வெயிலில் மட்டும் வாழ்வதில்லை. வெகுநேரம் மண்ணுக்குள் வளையில் கிடக்கிறது. வறண்ட பெட்டியிலோ மூச்சு வழியாகவே உடல்நீரை இழந்து, சிறுகச் சிறுக நோய்ப்படும். மரத்தூளைக் கொட்டிவிட்டு, மணல் கலந்த மண்ணை இரண்டடி ஆழத்துக்கு நிரப்பு. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கவேண்டும், பிழிந்தால் நீர் சொட்டக்கூடாது. அந்தப் பதத்தில்தான் அது தோண்டும் வளை இடியாது. இதற்குக் கண்ணாடித் தொட்டி தாங்காது. வளர்ந்தால் மூன்று, நான்கடி நீளம் வருமாதலால், எட்டடி நீளமும் நான்கடி அகலமும் உள்ள பெட்டியை இப்போதே திட்டமிடு. வாடகை அறையில் பாதி போய்விடும், அதையும் யோசித்துக்கொள்.

உணவுக்குச் சுண்டெலி வேண்டாம், கொழுத்துவிடும். சிள்வண்டு, கரப்பான், நத்தை, மண்புழு போதும். பூச்சிகள்மீது சுண்ணாம்புச் சத்துத் தூளைத் தூவிக் கொடு. புற ஊதா விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் அதன் சக்தி குறைந்துபோகும். உரிய காலத்தில் மாற்றாவிட்டால் எலும்பு வளைந்துவிடும். இவை பெரும்பாலும் கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து வருவதால் குடற்புழு இருக்கக்கூடும். எச்சத்தை ஊர்வன பற்றித் தெரிந்த மிருக வைத்தியரிடம் காட்டு.

மேலிருந்து கையை நீட்டித் தூக்காதே. அதற்கு அது பருந்தின் நிழல். உன் வாசனை பழக, நீ உடுத்திய சட்டையொன்றை உள்ளே போட்டுவிட்டுப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திரு. தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கைகழுவ மறவாதே, சால்மொனெல்லா கிருமி இருக்கலாம்.

ஞாயிறு தோறும் குட்டியைத் தராசில் வைத்துப் பார்த்து, எடையை எனக்கு எழுது. அம்மா கேட்கச் சொன்னது ஒன்றுதான்: அந்தக் கரப்பான்களை நீ சமைக்கும் அறையிலா வைத்திருக்கிறாய்?

அன்புடன்,
அப்பா