கூடங்குளம் வட்டாரத்துக்கு ஊர் வாரியான நோய்க் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராதாபுரம் வட்டத்தின் கடற்கரை ஊர்களில் இருபத்தாறு ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கூடங்குளத்தில் முதல் அணு உலை 2013ஆம் ஆண்டில் மின்சாரம் தரத் தொடங்கிய நாளிலிருந்து, புற்றுநோய் கூடிவிட்டது என்று ஒரு சாராரும், அதெல்லாம் வீண் பயம் என்று மறு சாராரும் சொல்லி வருகிறார்கள். எங்கள் ஊர்களைப் பொறுத்தவரை, இரண்டையும் நிறுவும் கணக்கு எதுவும் என் பணிக்காலத்தில் என் கண்ணில் பட்டதில்லை.

கணக்கு எப்படித் தவறுகிறது என்பதற்கு நானே சாட்சி. என் பகுதியில் நாற்பத்திரண்டு வயதுப் பெண் ஒருவருக்கு மார்பில் கட்டி வந்தது. நாகர்கோவிலில் ஸ்கேன் எடுத்து, திருவனந்தபுரத்தில் சிகிச்சை பெற்றபோது, அங்கே வாடகைக்கு இருந்த தம்பி வீட்டு முகவரியையே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் ஊருக்குத் திரும்பி வீட்டிலேயே இறந்தார்; இறப்புக்குக் காரணம் மாரடைப்பு என்று பதிவாயிற்று. பதினாறாம் நாள் கழிந்து நான் போனபோது, அவர் மகன் ஒரு மஞ்சள் பையைக் கவிழ்த்து, ஸ்கேன் படங்களையும் மருந்துச் சீட்டுகளையும் பாயில் பரப்பிக் காட்டினான். என் பதிவேட்டிலும் அந்த அம்மாவின் பெயருக்கு நேரே மாரடைப்பு என்றுதான் என் கையெழுத்தில் இருந்தது. அவருடைய நோய்க்கு உலை காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் எந்த ஊர்க்காரராகவும் எந்த நோயாளியாகவும் எண்ணப்படாமல் போனார் என்பதே என் மனக்குறை.

ஜெர்மனியில் 1980 முதல் குழந்தைகளின் புற்றுநோய்க்கென்று தனிப் பதிவேடு இருக்கிறது. அதை வைத்து 2007இல் வெளியான ஆய்வில், 16 அணுமின் நிலையங்களுக்கு 5 கிலோமீட்டருக்குள் வசித்த ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 37 பேருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது தெரியவந்தது; எதிர்பார்த்ததோ ஏறத்தாழ 17 பேர்தான். ஆனால், இயற்கையாகவே நம்மீது படும் கதிர்வீச்சோடு ஒப்பிட்டால் உலையிலிருந்து வருவது மிகச் சொற்பம் என்பதால், கதிர்வீச்சுதான் காரணம் என்று அந்த ஆய்வாளர்களால் சொல்ல முடியவில்லை. பிரிட்டனின் நிபுணர் குழு 2011இல், தங்கள் நாட்டில் அத்தகைய கூடுதலுக்குப் போதிய சான்று இல்லை என்றது. 16 நிலையங்கள், 24 ஆண்டுகள் என்று சேர்த்த பிறகே அந்த 37 என்னும் எண் கிடைத்தது என்பதை எண்ணிப் பார்த்தால், ஒரே நிலையத்தைச் சுற்றி ஒருநாள் மருத்துவ முகாம் நடத்திவிட்டு இரு தரப்பாரும் முடிவு சொல்வது எவ்வளவு பொருத்தமற்றது என்பது விளங்கும்.

நம் பக்கத்தில் வேறு சிக்கல்களும் உண்டு. மேற்கே மணவாளக்குறிச்சி வரை நீளும் கரையில் மோனசைட் என்னும் கதிரியக்கத் தாது கலந்த மணல் இருப்பதால், சில ஊர்களில் இயற்கைக் கதிர்வீச்சே கூடுதல். கடலுக்குப் போகிறவர்களிடம் புகையிலை போடும் பழக்கம் இருக்கிறது. வாய்ப் புற்றுநோய்க்கு அது ஒன்றே போதும். இவற்றையெல்லாம் பிரித்தறியாமல் எண்ணிக்கையை மட்டும் கூட்டிக் காட்டினால், அது பயத்துக்கும் உதவாது, தைரியத்துக்கும் உதவாது. மாவட்ட அளவிலான புள்ளிவிவரமும் இதற்குப் போதாது. இடிந்தகரையிலும் பெருமணலிலும் ஏற்படும் மாற்றம் மாவட்டம் முழுமைக்குமான சராசரியில் கரைந்துவிடும்.

ஆகவே, நோயாளி எந்த மாவட்டத்தில், எந்த மாநிலத்தில் சிகிச்சை பெற்றாலும் அவருடைய சொந்த ஊரின் பெயரிலேயே பதிவாகும்படி, புற்றுநோய், குறைப்பிரசவம், பிறவிக் குறைபாடு ஆகியவற்றுக்கு ஊர் வாரியான பதிவேடு ஒன்றை அரசு தொடங்க வேண்டும். உலையை நடத்துவோரிடமும் எதிர்ப்போரிடமும் அந்தப் பொறுப்பைக் கொடுக்காமல், ஒரு மருத்துவக் கல்லூரியிடம் கொடுத்து, ஆண்டுதோறும் கிராமசபையில் தமிழில் வாசிக்கச் செய்ய வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, உலையிலிருந்து தொலைவில் உள்ள சில கடற்கரை ஊர்களிலும் இதே கணக்கை எடுக்க வேண்டும். இரண்டு உலைகள் ஓடிக்கொண்டிருக்க, மேலும் நான்கு உலைகளுக்குத் திட்டமிட்டுப் பணி தொடங்கியாகிவிட்ட இடம் இது. இன்னும் தாமதித்தால், முன்பு எப்படி இருந்தது என்று ஒப்பிட எந்த ஏடும் மிஞ்சாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
ராதாபுரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.