ஓடியதும் விதிதானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன இதழில் வந்த பறக்கும் ரயில் சிறுகதையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. (சென்னையில் தூண்கள்மேல் ஓடும் ரயிலைத்தான் பறக்கும் ரயில் என்போம்.) பிறந்த அன்றே பாட்டி நேர்ந்துவிட்ட பெண். 18 வயது முடிந்ததும் திருமயிலை ஸ்டேஷனின் ஆளில்லாத மேல்தளத்தில் போய் உட்கார்ந்து பக்கிங்காம் கால்வாய்க்குக் காவல் தெய்வமாகிவிட வேண்டும். அவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டு வேளச்சேரி ரயிலில் ஏறிவிடுகிறாள். இடம் எவ்வளவு பொருத்தம் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். 1997-ல் அங்கே ரயில் வந்தது, அப்புறம் எத்தனையோ வருடம் அந்தப் பிரம்மாண்டமான கட்டடத்தில் பெரும்பகுதி காலியாகவே கிடந்தது, பாதையைத் தாங்கும் தூண்களோ கால்வாய்த் தண்ணீருக்குள்ளேயே இறங்கி நிற்கின்றன. தெய்வம் குடியிருக்க வேறு என்ன வேண்டும்?

ஆனால் அந்தக் கடைசி அரைப்பக்கம்! எதிர் சீட்டில் இருக்கும் பெரியவர் "நீ ஓடி வருவாய் என்பதும் எழுதியிருந்ததுதான் அம்மா" என்கிறார், அவளும் சிரிக்கிறாள், கதை முடிந்துவிடுகிறது. எனக்குக் கோபமே வந்துவிட்டது. அத்தனை பக்கம் அவள் பட்ட பாட்டை ஒரே வரியில் பிடுங்கி மறுபடியும் விதியின் கையிலேயே கொடுத்தால், பாட்டிக்கும் அந்தப் பெரியவருக்கும் என்ன வித்தியாசம்?

இந்த இதழில் ஒரு வாசகர், ஊருக்கு நடுவில் மாயமந்திரம் வருவது வெளிநாட்டுச் சரக்கு, நமக்கு ஒட்டாது என்று எழுதியிருக்கிறார். மணிமேகலையை அவர் மறந்துவிட்டார். 1898-ல் உ.வே.சா. பதிப்பித்துக் கொடுத்த அந்தக் காப்பியத்தின் பெரும்பகுதி நடப்பது காவிரிப்பூம்பட்டினம் என்ற துறைமுக நகரத்தில்தான். பாட்டி சித்திராபதி பேத்தியைக் குலத்தொழிலுக்கு இழுக்கிறாள், இளவரசன் தேரோடு துரத்துகிறான், அந்தப் பெண்ணோ வானத்தில் போகவும் வேற்று உருவம் எடுக்கவும் மந்திரம் கற்றுக்கொண்டு அதே ஊருக்குத் திரும்பி வந்து, காயசண்டிகை என்ற பெண்ணின் உருவத்தில் பசித்தவர்களுக்குச் சோறு போடுகிறாள். முற்பிறவியில் அந்த இளவரசன்தான் தன் கணவன் என்று தெரிந்த பிறகும் அவனோடு போகவில்லை. அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம், மயிலாப்பூரிலேயே பூம்பாவை இருக்கிறாள். குன்றத்தூர்க்காரரான சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் எழுதிய பெரியபுராணத்தில் வருகிறவள். சிவநேசர் என்ற வணிகர் தன் மகளும் செல்வமும் எல்லாம் ஞானசம்பந்தருக்கே என்று ஊரறியச் சொல்லிவிடுகிறார். 7 வயதில் அந்தக் குழந்தை நந்தவனத்தில் பூப்பறிக்கும்போது பாம்பு கடித்து இறந்துபோக, எலும்பையும் சாம்பலையும் குடத்தில் போட்டு வைத்துக் காத்திருக்கிறார். சம்பந்தர் வந்து, ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, தைப்பூசம், மாசிக் கடலாட்டு என்று ஒவ்வொரு விழாவாகச் சொல்லி, இதையெல்லாம் காணாமலே போவாயோ பூம்பாவாய் என்று பாட, 12 வயதுப் பெண்ணாக அவள் எழுந்து வருகிறாள். கல்யாணம் செய்துகொள்ளுங்கள் என்று அப்பா கெஞ்ச, என்னால் உயிர் பெற்றவள் எனக்கு மகள் என்று சம்பந்தர் மறுத்துவிடுகிறார். இன்றைக்கும் பங்குனியில் அறுபத்துமூவர் அன்று காலையில் கபாலீஸ்வரர் கோயிலில் அவள் எழுந்த கதையை நடத்திக்காட்டுகிறார்கள். நான் பக்தியோடுதான் போய்ப் பார்க்கிறேன். ஆனால் கொடுத்தபோதும் சரி, மறுத்தபோதும் சரி, உனக்கு என்னம்மா வேண்டும் என்று அவளை யாரும் கேட்கவில்லை. ஆசைப்படச் சொல்லி ஊரின் திருவிழாக்களையெல்லாம் வரிசையாகக் காட்டி எழுப்பிய பெண், அந்த விழாக்களைத் தன் இஷ்டத்துக்குச் சுற்றிப் பார்த்தாளா? இந்தக் கதையை இன்றைய மாட வீதியில் வைத்து யாராவது எழுத மாட்டார்களா என்று ரொம்ப நாளாக ஏங்குகிறேன்.

இதில் ஏன் இத்தனை பிடிவாதம் என்றால், நான் மந்தைவெளியில் பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். இன்ஜினியரிங் கவுன்சிலிங் 2018-ல் ஆன்லைனுக்கு மாறியதிலிருந்து சாய்ஸ் கொடுக்க எங்களிடம்தான் வருகிறார்கள். கம்ப்யூட்டர் முன்னால் அப்பா ஒரு சேரில், சித்தப்பா இன்னொரு சேரில். எந்தக் கல்லூரி முதலில், எந்தக் கோர்ஸ் இரண்டாவது என்று அவர்கள் பேசி முடிவு செய்வார்கள். பிளஸ் டூ முடித்த பெண் பின்னால் நின்றுகொண்டிருப்பாள். அவள் போனுக்கு ஓடிபி வரும்போது மட்டும் "நம்பர் என்னம்மா?" என்று திரும்பிக் கேட்பார்கள். அப்பாக்களைக் குறை சொல்லவில்லை, கடன் வாங்கிப் படிக்க வைக்கப் போகிறவர்கள், பயம் இருக்கும். ஆனால் அங்கே காத்திருக்கும் பிள்ளைகள் எடுத்துப் படிக்கட்டும் என்றுதான் உங்கள் இதழை மேஜையில் போட்டு வைக்கிறேன். இந்தக் கதையை ஒரு பெண் நின்றுகொண்டே படித்து முடித்தாள். அவளுக்கு நாம் கொடுத்த கடைசி வரி, எல்லாம் முன்பே எழுதியாகிவிட்டது என்பதா?

அந்த எழுத்தாளருக்கு அருமையான கை இருக்கிறது. அவரிடம் சொல்லுங்கள், பெரியவரை எடுத்துவிடட்டும். வேளச்சேரியில் இறங்கியவள் என்ன ஆனாள்? ஆதார் கார்டுகூட வீட்டில் இருக்கும்போது அவளுக்கு எந்த ஹாஸ்டலில் இடம் கொடுத்தார்கள்? காவல் இல்லாத கால்வாய் டிசம்பர் மழையில் பொங்கி மயிலாப்பூருக்குள் வந்தபோது, திரும்பிப் போகலாமா என்று நினைத்தாளா, அப்போதும் மாட்டேன் என்றாளா? அதையெல்லாம் எழுதச் சொல்லுங்கள். நீளமாகப் போனால் இரண்டு இதழாகப் பிரித்துப் போடுங்கள், நாங்கள் காத்திருந்து படிப்போம்.

அன்புடன்,
ஒரு வாசகி,
மந்தைவெளி, சென்னை - 28